பெயர் சொல்லாமல்தான் சொன்னேன்

நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அத்தானிடமும், பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் அண்ணனிடமும், நடுராத்திரியில் எனக்கு நானேயும் எடுத்துவைத்த முதல் வாதம் இதுதான். மெல்பர்னுக்குத் தென்கிழக்கே ஒரு பண்ணை, செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடக்கண் மட்டும் நீலம் என்றுதான் எழுதியிருந்தேன். அந்த வட்டாரத்தில் நீலக்கண் செவலை மட்டக்குதிரை ஒன்றே ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

என் பிழைப்பு சம்பளப் பட்டியல் போடுவது. யாருடைய விடுப்புக் கணக்கிலாவது அரை மணி நேரம் பிசகினால் எனக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் கோபத்தோடு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் அனுப்பும் முன் என்னிடம் காட்டுவார்கள். நான் இரண்டு சுடுசொல்லை எடுத்துவிட்டு, கடைசியில் நன்றியைச் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் அவதூறு நோட்டீஸ் வந்தது. அதுவும் பிஸ்கட் என்ற பெயருடைய ஒரு மட்டக்குதிரையை முன்னிட்டு.

குதிரையைக் குத்தகைக்கு எடுப்பது இந்த நாட்டில் சாதாரணம். குதிரையின் விலையைக்கூடப் புரட்டிவிடலாம், வைத்துக் காப்பாற்றுவதுதான் ஆளை விழுங்கும். மேய்ச்சல் நிலத்துக்கு வாடகை கட்ட வேண்டும், அஜிஸ்ட்மென்ட் என்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வருவார். பல்லை ராவ ஒருவர், பூச்சி மருந்து, உலர்புல், குளிருக்குப் போர்வை என்று அது பாட்டுக்குப் போகும். முழுக் குத்தகை என்றால் குதிரையோடு இந்தச் செலவெல்லாம் நம் தலையில் இறங்கும். பகுதிக் குத்தகையில் வாரத்தில் சில நாள் நம் பிள்ளை ஏறும், மற்ற நாள் உரிமையாளர் வீட்டுப் பிள்ளை ஏறும், நாம் ஒரு பங்குப் பணம் கொடுப்போம். எங்கள் ஊரில் அப்பா ஆடுகளை வாரத்துக்கு விடுவார். வளர்க்கிறவருக்கு ஒரு குட்டி, நமக்கு ஒரு குட்டி. அதே சங்கதிதான், இங்கே குட்டி போடாது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுக்கு நோவு வந்தால் யார் பார்ப்பது என்று ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. இங்கே தாளில் எழுதியிருப்பதுதான் வழக்கம்.

என் மகளுக்காகப் பிஸ்கட்டைக் குத்தகைக்கு எடுத்தபோது எங்கள் தாளில் அது எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு பக்க ஒப்பந்தம். உரிமையாளர் அம்மாள் அனுப்பியதும் நான் அதைத் தொழில்முறையில் படித்தேன். தேதி சரியா, தொகை சரியா, கிழமைகள் சரியா என்று பார்த்தேன். ஓர் எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, மஞ்சள் வண்ணமடித்து, கொஞ்சம் பெருமையோடு திருப்பி அனுப்பினேன். குதிரைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் செலவு யாருடையது, எந்தச் சிகிச்சை என்று யார் முடிவெடுப்பது, குதிரைக்கு யார் என்ன தின்னக் கொடுக்கலாம், எத்தனை நாள் முன்னால் சொல்லிவிட்டு விலகலாம் என்று எதுவுமே அதில் இல்லை. இல்லாததைப் படிக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

செப்டம்பரில் இங்கே வசந்தம் பிறக்கும். இரவுக் குளிரும் பகல் வெயிலும் சேர்ந்தால் புல்லில் சர்க்கரை ஏறும். பண்ணை முழுக்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், நாம் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவோம். கொழுத்த மட்டக்குதிரைக்கு அந்தப் பச்சைதான் ஆபத்து. லாமினைடிஸ் என்று ஒரு நோய். குளம்புக்குள் இருக்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு இறுக்கிப் பிடித்திருக்கும் மெல்லிய மடிப்புகள் அழற்சி கண்டுவிடும். முற்றினால் பிடி தளர்ந்து எலும்பே திரும்பிக் கீழே இறங்கும். முன்னங்கால் வலி பொறுக்காமல் குதிரை தன் எடையைப் பின்னால் தள்ளிச் சாய்ந்து நிற்கும். "பிஸ்கட் ஒரு மாதிரி சாஞ்சு நிக்குதும்மா" என்று என் மகள்தான் முதலில் சொன்னாள். நான் பார்த்தேன். சினிமாக் கதாநாயகன் போல என்ன ஸ்டைலாக நிற்கிறது என்று சொல்லி ஒரு படம் எடுத்தேன்.

மருத்துவர் வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். காலுக்கு ஐஸ், ஊறவைத்துச் சர்க்கரை குறைத்த உலர்புல், அதிகம் மேய முடியாதபடி வாய்க்கூடை எல்லாம் வந்தன. பிறகு பில் வந்தது. உரிமையாளர் அம்மாள் மிகத் தன்மையாகத்தான் எழுதியிருந்தார்: ஒப்பந்தத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை, ஆளுக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். கேள்விக்குறி போட்டுத்தான் கேட்டிருந்தார். நான் அந்தக் கேள்விக்குறியைப் பார்க்கவில்லை, தொகையைத்தான் பார்த்தேன்.

அன்றிரவே நான் கால்நடை மருத்துவர் ஆனேன். குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும் என்று படித்தேன். முன்பக்கத்தில் மேலிருந்து தரை தொட ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆகவே கடந்த ஓராண்டில் குதிரைக்கு நேர்ந்தது குளம்பில் வளையமாகப் பதிந்திருக்கும். பழைய லாமினைடிஸ் இருந்தால் அந்த வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிப்பக்கம் அகன்றும் தெரியும். என் கைபேசியில் இருந்த ஸ்டைல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வளையங்கள் இருந்தன! தீவனம் மாறினாலும், காய்ச்சல் வந்து போனாலும், பருவம் மாறினாலும்கூடக் குளம்பில் வளையம் விழும் என்பது அதே கட்டுரையின் அடுத்த பத்தியில் இருந்தது. அந்தப் பத்திவரை நான் போகவில்லை. நீதி கேட்டுக் கிளம்பியவளுக்கு ஏது பொறுமை?

தென்கிழக்குப் புறநகர்த் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. நீச்சல் வகுப்புக்கு யார் காரில் யார் போவது, பரதநாட்டிய உடை வாடகைக்குக் கிடைக்குமா என்கிற மாதிரி விஷயங்கள்தான் அதில் ஓடும். அதை நடத்துவதே நான்தான். முதலில் அங்கே தமிழில் எழுதினேன். தமிழில் எழுதினால் வெள்ளைக்காரர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது என்ற தைரியம். கைதட்டலும் கோபமுகமுமாக வந்து குவிந்தது. "இந்த மாதிரி ஆட்களை உள்ளே தள்ளணும்" என்று ஒருவர். "பெயரைச் சொல்லுங்க, எல்லாரும் உஷாரா இருப்போம்" என்று இன்னொருவர். அந்தக் குழுவில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்: "அக்கா, நான் அந்தக் குதிரையைப் பாக்கிற கிளினிக்கில வேலை செய்யிறன். அதால நான் ஒண்டும் சொல்லேலாது." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். பிறகு குழுவிலிருந்து வெளியேறிவிட்டாள். எவ்வளவு கர்வம் பிடித்த பெண் என்று அப்போது நினைத்தேன்.

கைதட்டல் தந்த போதையில் அதையே ஆங்கிலத்தில் ஃபேஸ்புக்கிலும் போட்டேன். ஆனால் கவனமாக. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு பதிவுக்கு நான் எடுத்துக்கொண்ட கவனத்தை என் கல்யாணப் பத்திரிகைக்குக்கூட எடுத்துக்கொண்டதில்லை. பெயரை எடுத்தேன். ஊரை எடுத்தேன். 'அவர்' என்பதைச் 'சிலர்' ஆக்கினேன். நோயை மறைத்து, குழந்தைகளுக்குக் குதிரையைக் குத்தகைக்கு விடுகிற சிலர் நம் பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேள்வியாக்கினேன். கேள்வி கேட்பது குற்றமா என்ன? அதற்கு மேல் பாதுகாப்பாக 'என் கருத்தில்' என்று தொடங்கினேன். கடைசியில், இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன் என்று காட்ட, வாயில் ஜிப் போட்ட மஞ்சள் முகம் ஒன்றையும் வைத்தேன். செவலையும் சுட்டியும் நீலக்கண்ணும் மட்டும் வர்ணனைக்காக இருந்தன. எழுத்து கொஞ்சம் அழகாக இருக்க வேண்டாமா?

இந்தக் கலையை நான் யாரிடமும் காசு கொடுத்துக் கற்கவில்லை. எங்கள் வீட்டில் என் ஆச்சி முற்றத்தில் கோழியைத் திட்டினால் அடுக்களையில் இருக்கும் மருமகளுக்குப் புரியும். கோழிக்கு மட்டும் புரியாது. யாராவது கேட்டால் ஆச்சி, "நான் கோழியச் சொன்னேன்" என்பாள். ஜாடையாகப் பேசுவதில் எங்கள் குடும்பத்துக்குத் தெருவிலேயே நல்ல பெயர். மூன்று தலைமுறையாகக் காப்பாற்றிய அந்தத் திறமையைத்தான் மெல்பர்னில் ஒரு வழக்கறிஞர் அலுவலகம் வரி வரியாகப் பிரித்து, அ, ஆ, இ போட்டு எனக்கே திருப்பி அனுப்பியது.

2021 ஜூலை 1 முதல் விக்டோரியாவில் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. அவதூறு வழக்குப் போடுவதற்கு முன் எழுத்தில் ஒரு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். எழுதியவர் திருத்திக்கொள்ளவும் சமரசம் பேசவும் 28 நாள் அவகாசம். அந்த நோட்டீஸில் எந்த வரி, அந்த வரி வாசிப்பவர் மனதில் என்ன குற்றச்சாட்டை ஏற்றுகிறது என்று பட்டியல் போட்டிருப்பார்கள். என் பட்டியல் இப்படி இருந்தது. அ: எங்கள் கட்சிக்காரர் நோயுள்ள குதிரை என்று தெரிந்தே அதைக் குழந்தைக்குக் கொடுத்தார். ஆ: பணத்துக்காக மக்களை ஏமாற்றுகிறார். இ: விலங்குகளைச் சரியாகப் பராமரிக்காதவர். ஈ: இதை வழக்கமாகச் செய்பவர்.

'ஈ'-யைப் பார்த்து நான் உண்மையிலேயே கொதித்தேன். வழக்கமாகச் செய்கிறார் என்று நான் எங்கே சொன்னேன்? அத்தான் என் பதிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். 'விடுகிற சிலர்' என்று இருந்தது. 'விட்ட ஒருவர்' என்று இல்லை. பெயரை மறைக்க நான் போட்ட பன்மை, ஒரு நாள் சம்பவத்தைப் பல வருடத் தொழிலாக்கிவிட்டிருந்தது. நான் என்ன நினைத்து எழுதினேன் என்பதைச் சட்டம் கேட்பதே இல்லையாம். சாதாரண வாசகர் ஒருவர் படித்தால் என்ன புரிந்துகொள்வார் என்பதுதான் அளவுகோல். ஆச்சியின் காலத்தில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் மருமகளுக்கு வீடும் தோப்பும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, பேரச் சொன்னியா?"

"சொல்லலண்ணே."

"படிச்சவனுக்கு ஆளு யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிருக்கு."

"பொறவு என்ன, பேரச் சொன்ன மாதிரிதான்."

ஆறுதலாக ஒன்றும் சொன்னான். இந்தியாவில் பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் போய், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகியிருக்கிறதாம், ஆனால் அவதூறு இன்னமும் கிரிமினல் குற்றம்தானாம், இரண்டு வருடம் வரை உள்ளே போகலாமாம். "அங்க பெரும்பாலும் காசோட போயிரும், கவலப்படாத." எந்தக் காசு என்றுதான் கவலையே.

இங்கே ஒரு வழக்கறிஞர் அம்மாளிடம் அரை மணி நேரம் ஆலோசனை கேட்டேன். அந்த அரை மணிக்கு அவர் வாங்கிய தொகை, நான் கொடுக்க மாட்டேன் என்று நின்றேனே, அந்தப் பாதி பில்லைவிடக் கூடுதல். சம்பளப் பட்டியல் போடுகிறவள் என்பதால் இந்தக் கணக்கை அவர் மேசையில் உட்கார்ந்தபடியே மனதில் போட்டுவிட்டேன். மீதி நேரமும் அதே கணக்குதான் மனதில் ஓடியதே தவிர, அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை.

விழுந்த பாதியில் முக்கியமானது இது. நான் எழுதியது உண்மை என்றால் அது நல்ல தற்காப்பு. ஆனால் உண்மை என்று நிரூபிக்க வேண்டியது எழுதிய நான்தான், பொய் என்று நிரூபிப்பது அவர் வேலை இல்லை. "உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" என்றார். கைபேசியை நீட்டிக் குளம்பு வளையத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "குதிரை சாய்ந்து நிற்கிறதே, அன்றைக்கு மருத்துவரைக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டார்.

'என் கருத்தில்' என்ற கவசமும் அட்டைதான். கருத்து என்ற தற்காப்பு இருக்கிறது, ஆனால் அது கருத்தாகவே இருக்க வேண்டும். எந்த உண்மைகளின் மேல் அந்தக் கருத்து நிற்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பொதுநலன் சார்ந்த விஷயமாகவும் இருக்க வேண்டும். 'இன்னார் நோயை மறைத்தார்' என்பது நடந்ததா இல்லையா என்ற செய்தி. அதற்கு முன்னால் 'என் கருத்தில்' போட்டால் அது கருத்தாகிவிடாது. அமெரிக்காவின் உச்ச நீதிமன்றமே 1990-இல் ஒரு மல்யுத்தப் பயிற்சியாளர் வழக்கில் இதே மாதிரிதான் சொல்லியிருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கேள்விக்குறிக்கும் அதே கதி. வாயை மூடிய அந்த மஞ்சள் முகத்தையாவது ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். 2020-இல் நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு ட்விட்டர் அவதூறு வழக்கில், அதே ஜிப் போட்ட முகம்கூட அவதூறான பொருளைத் தர முடியும் என்று நீதிபதி சொல்லியிருக்கிறார். எத்தனையோ முகங்கள் இருக்க, நான் போய் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.

வழக்குப் போடுகிறவர் தனக்குப் பெருத்த பாதிப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும் என்பதும் 2021 திருத்தத்தில் வந்ததுதான், ஆகவே இது நீதிமன்றத்தில் நிற்காமலும் போகலாம் என்று அந்த அம்மாள் கடைசியில் சொன்னார். எழுந்து கைகொடுக்கலாமா என்று நான் நினைக்கும்போது, "நிற்காத வழக்குக்கும் செலவு உண்டு" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு இரவுகளில் நான் தீர்ப்புகள் படித்தேன். குளம்பு படித்ததைப் போலத்தான், ஆனால் இந்த முறை அடுத்த பத்தியையும் படித்தேன். 2013-இல் நியூ சவுத் வேல்ஸில் ஓர் இளைஞர் தன் பழைய பள்ளி ஆசிரியை ஒருவரைப் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதியதற்கு 105,000 டாலர் நஷ்டஈடு. 2020-இல் அடிலெய்டில் ஒரு வழக்கறிஞரைப் பற்றி கூகுளில் ஒருவர் மதிப்புரை போட்டதற்கு 750,000 டாலர். அந்த மதிப்புரைக்காரர் அந்த வழக்கறிஞரிடம் போனதே இல்லையாம். 2021-இல் நாட்டின் உயர் நீதிமன்றம் (இங்கே அதுதான் உச்சி) வோலர் வழக்கில், ஃபேஸ்புக் பக்கம் நடத்தும் செய்தி நிறுவனங்கள் அங்கே மற்றவர்கள் போடும் பின்னூட்டங்களுக்கும் வெளியிட்டவர்களாகப் பொறுப்பாவார்கள் என்று சொல்லிவிட்டது. அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். "உள்ளே தள்ளணும்" என்று எழுதியவரின் வரி என் குழுவில் இன்னும் அப்படியே இருந்தது. செய்தித்தாளின் பக்கம் வேறு, நீச்சல் வகுப்பு வாட்ஸாப் குழு வேறு என்று பகலில் தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கு அது தெரியவில்லை. அவரை எழுப்பி அழிக்கச் சொன்னேன். அவர், "எதைக்கா?" என்று கேட்டார். ஒரே வாரத்தில் மறந்திருந்தார். அவருக்கு மஞ்சள் முகம் போட்டுவிட்டுத் தூங்கும் பாக்கியம் இருந்தது.

நோட்டீஸில் இணைப்புகளும் இருந்தன. மூன்றாவது இணைப்பைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. டான்டெனாங் கடையில் உடன்குடிக் கருப்பட்டி கிடைத்த சந்தோஷத்தில் நான் ஒருநாள் பிஸ்கட்டுக்கும் ஒரு துண்டு கொடுத்திருந்தேன். அது தலையை ஆட்டி ஆட்டித் தின்றது. பிறகு போகும்போதெல்லாம் ஒரு துண்டு எடுத்துப் போனேன். ஆஸ்திரேலியக் குதிரையைத் திருநெல்வேலிக்காரனாக்கிவிட்டேன் என்று தலைப்புப் போட்டு, உள்ளங்கையில் கருப்பட்டியோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் நானேதான் ஏற்றியிருந்தேன். உரிமையாளர் அம்மாளே அதற்கு ஒரு இதயம் போட்டிருந்தார், கருப்பட்டி என்றால் என்ன என்று அப்போது அவருக்குத் தெரியாது. சர்க்கரை ஆகாத குதிரைக்குச் சர்க்கரைக் கட்டி கொடுத்தவள் யார் என்பதற்குச் சாட்சி, ஆவணம், தேதி, ஒப்புதல் எல்லாம் ஒரே படத்தில். உண்மையை நிரூபிக்க வேண்டும் என்றார்களே, என்னைப் பற்றிய உண்மைக்கு எந்தச் சிரமமும் இல்லை.

கருப்பட்டியால்தான் நோய் வந்தது என்று மருத்துவர் சொல்லவில்லை. வசந்தப் புல்லும் குதிரையின் எடையும்தான் பெரிய காரணமாக இருக்கும், ஒன்றை மட்டும் பிடித்துச் சொல்ல முடியாது என்றுதான் எழுதியிருந்தார். பழைய நோய்க்கான அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை என்றும் எழுதியிருந்தார். ஒரு குதிரையை நேரில் தொட்டுப் பார்த்தவர் எழுதிய எழுத்து அவ்வளவு அடக்கமாக இருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள் எழுதியதில்தான் அவ்வளவு நிச்சயம்.

அந்த 28 நாளுக்குள் பள்ளி விடுமுறை வந்தது. வீட்டில் முகம் பார்த்துப் பேசாத மகளை மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். குதிரையை மறக்க வைக்கத்தான் போனது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது பார் லாப். பாடம் செய்த அதன் தோல் இங்கே, எலும்புக்கூடு நியூசிலாந்தின் வெலிங்டனில், இதயம் கான்பராவில் என்று பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். நாட்டின் மிகப் புகழ்பெற்ற அந்தக் குதிரையும் குத்தகைக் குதிரைதான் என்பது எனக்குப் புதுச் செய்தி. 1928-இல் நியூசிலாந்து ஏலத்தில் 160 கினிக்கு டேவிஸ் என்ற அமெரிக்க வியாபாரிக்காக வாங்கப்பட்டது. குதிரை கப்பலில் வந்து இறங்கியதைப் பார்த்த டேவிஸுக்கு அது பிடிக்கவே இல்லை. பயிற்சிக்குப் பணம் தர முடியாது என்றுவிட்டார். வாங்கச் சொன்ன பயிற்சியாளர் டெல்ஃபோர்ட், மூன்று வருடக் குத்தகைக்குத் தானே எடுத்துக்கொண்டார். செலவு முழுக்க டெல்ஃபோர்டுடையது, பரிசுப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கும் அவருக்கு, ஒரு பங்கு டேவிஸுக்கு. எவ்வளவு தெளிவான கணக்கு! அந்தக் குதிரை ஓடிய 51 பந்தயங்களில் 37-இல் ஜெயித்தது, 1930-இல் மெல்பர்ன் கோப்பையையும் சேர்த்து. குத்தகை முடிந்தபோது டெல்ஃபோர்ட் 4,000 பவுனுக்குப் பாதி உரிமையை வாங்கினார்.

1932 ஏப்ரல் 5-ஆம் தேதி அது கலிஃபோர்னியாவில் செத்துப்போனது. அன்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. சூதாட்டக் கும்பல் விஷம் வைத்தது என்றார்கள், அமெரிக்கர்கள் வைத்தார்கள் என்றார்கள், பூச்சிமருந்து தெளித்த புல் என்றார்கள், அதைப் பிள்ளை மாதிரி வளர்த்த குதிரைக்காரர் டாமி உட்காக்கின் கைமருந்தே எமனாகிவிட்டது என்றும் சொன்னார்கள். எத்தனையோ பத்தாண்டு கழித்துப் பிடரிமயிரை ஆராய்ந்து ஆர்சனிக் இருந்ததைக் கண்டார்கள். அந்தக் காலத்துக் குதிரை டானிக்குகளிலேயே ஆர்சனிக் இருந்திருக்கிறது, ஆகவே அதோடும் பேச்சு முடியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் என் பக்கத்தில் நின்ற பெரியவர், யார் கொன்றார்கள் என்று தன் பேரனுக்குப் பெயர் சொல்லி, சந்தேகமே இல்லாமல் விளக்கிக்கொண்டிருந்தார். நான் பதறிவிட்டேன். பிறகுதான் வழக்கறிஞர் அம்மாள் சொன்னது ஞாபகம் வந்தது: இறந்தவர்களைப் பற்றி இங்கே அவதூறு வழக்குப் போட முடியாது. டேவிஸ், டெல்ஃபோர்ட், உட்காக் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெரியவர் நிம்மதியாகப் பேசலாம். பிஸ்கட்டின் உரிமையாளர் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார், காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவர்.

மன்னிப்புக் கேட்டு முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அதையும் நானே எழுதினேன். அலுவலகத்தில் அத்தனை பேருடைய கடிதத்தையும் திருத்தியவள் அல்லவா! "நீலக்கண் செவலையின் உரிமையாளர் நோயை மறைத்துக் குழந்தைகளுக்குக் குதிரையைக் கொடுத்தார் என்று நான் எழுதியது யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்" என்று தொடங்கியது என் மன்னிப்பு. அத்தான் படித்துவிட்டு, "அவதூறு முழுசையும் இன்னொரு தடவை போட்டிருக்கியே, இதுவரைக்கும் தெரியாதவனுக்கும் இப்பத் தெரிஞ்சிரும்" என்றார். 'புண்படுத்தியிருந்தால்' என்பதில் இருந்த 'ஆல்' அவருக்கு வேறு பிடிக்கவில்லை. இரண்டாவது வரைவில் குற்றச்சாட்டு போய்விட்டது, ஆனால் என் தரப்பு நியாயம் மூன்று பத்தி இருந்தது. மூன்றாவதில் கருப்பட்டியின் மருத்துவ குணம் வந்துவிட்டது. கடைசியில் போனது அத்தான் எழுதியது. இன்ன தேதியில் போட்ட பதிவை நீக்கிவிட்டேன், அதற்கு ஆதாரம் இல்லை, வருந்துகிறேன். அவ்வளவுதான், மொட்டையாக இருந்தது. அதில் என்னால் ஒரு எழுத்துப்பிழைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாதி பில்லையும் கட்டினேன். அவருடைய வழக்கறிஞர் கடிதச் செலவில் ஒரு பங்கையும் கட்டினேன். ஜாடைப் பேச்சுக்கு நான் கொடுத்த மொத்த விலையை ஒரு கோப்பில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், அத்தானுக்குக் காட்டுவதில்லை. பணத்தைக் கொடுக்கப் பண்ணைக்குப் போனபோது அந்த அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் வாளியோடு நின்றார். இத்தனை களேபரத்திலும் என் மகள் வந்து பிஸ்கட்டைத் தேய்த்துவிடுவதை அவர் ஒருநாளும் தடுக்கவில்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அவள் பள்ளி விட்டதும் தோழியின் காரில் வந்துகொண்டிருந்தாளாம், என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வீட்டில் கேட்டேன். "சொன்னா நீ எங்கயாவது எழுதிருவ" என்றாள்.

இப்போது புது ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், ஆறு பக்கம். மருத்துவச் செலவு எப்படிப் பங்கு, அவசரத்தில் யார் முடிவெடுப்பது, கையெழுத்து நாளில் நாலு குளம்பின் படம் இணைப்பு, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று எல்லாம் இருக்கிறது. உரிமையாளர் எழுத்தில் அனுமதிக்காத எந்தத் தீனியும் கொடுக்கக்கூடாது என்று ஒரு விதி, அடைப்புக்குறிக்குள் பனைவெல்லமும் சேர்த்து. கருத்து வேறுபாடு வந்தால் முதலில் நேரில் பேச வேண்டும், பிறகு மத்தியஸ்தர், அதுவரை எந்தப் பொது இடத்திலும், எந்த மொழியிலும், எந்தப் படக்குறியாலும் அதைப் பற்றிப் பேசக்கூடாது என்று எட்டாவதாக இன்னொரு விதி. அந்த அம்மாள் இந்த ஒப்பந்தத்தை மற்ற குத்தகைக்காரர்களுக்கும் கொடுத்திருக்கிறார். போன சனிக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் ஒரு புதுத் தாய் என்னிடம் வந்து, இந்த எட்டாவது விதி கொஞ்சம் விநோதமாக இருக்கிறதே, யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் போல, உங்களுக்கு யார் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்கு எட்டாவது விதி தடை போட்டிருக்கிறது என்றேன்.